உப்பு வயலுக்கு வாத்தியாரம்மா

விவசாயிக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகத்தைப் போல வெட்கங்கெட்ட உத்தியோகம் உலகத்தில் இன்னொன்று கிடையாது. அதைத்தான் நான் பதினெட்டு வருஷம், ஒருநாள் கூடச் சம்பளம் பிடித்தமில்லாமல், ஒழுங்காகப் பார்த்தேன்.

பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ். 'சிறு விவசாயிகளின் நிலையான வாழ்வாதாரம்' என்று வாசலில் போர்டு. அந்த போர்டே நிலையாக நின்றதில்லை, மழைக்காலத்தில் இரண்டு தடவையாவது விழும். அப்பா வங்காளத்துக்குத் துறைமுக வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டதால், நான் அம்பாசமுத்திரத்துக்காரியாகப் பிறந்து லேக் கார்டன்ஸில் கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். போன மாசம்தான் ரிடையர் ஆனேன். கையில் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட சக ஜீவன்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேஜையைக் காலி பண்ணிய அன்றைக்கு நினைவில் வந்து உட்கார்ந்தது ஒரே ஒரு குடும்பம். அவர்கள் பேசியதெல்லாம் வங்காளம், இங்கே என் தமிழில் தருகிறேன், அக்கா என்று பொருள்படும் 'தீதி'யை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அந்த வீட்டில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மீட்டரும் நாக்கும்

பாலிகஞ்சில் கேனிங் லோக்கல் பிடித்து, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, பேட்டரி ரிக்‌ஷா ஒன்று, படகு ஒன்று என்று மாறினால் அந்தக் குடும்பத்தின் ஊர். நான் முதலில் போன வருஷம் புயலில் கரை உடைந்து ஆற்றின் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நிலமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. நான் ஊர்ப் பெண்களை ஸ்கூல் வராந்தாவில் உட்காரவைத்து, பாலிகஞ்ச் வங்காளத்தில் 'தாக்குப்பிடிக்கும் உணவு முறை' பற்றி ஒரு மணி நேரம் பிளந்து கட்டினேன். அப்புறம் ஆபீஸில் புதிதாக வாங்கியிருந்த, உப்பு அளக்கிற மீட்டரை வெளியே எடுத்தேன். மண்ணைத் தண்ணீரில் கரைத்து அதை முக்கினால் நம்பர் காட்டவேண்டும். காட்டவில்லை. தட்டினேன், உலுக்கினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். சவம், அசையவே இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்து வயலுக்குள் இறங்கினாள். அவள்தான் மாலதி. மூன்று இடத்தில் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நடுவயலுக்கு ஒரு நல்ல மழை போதும், கிழக்கு மூலைக்கு இரண்டு மழைக்காலம் வேண்டும், கரையோரத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம் என்றாள். அதற்குள் என் மீட்டருக்கு உயிர் வந்துவிட்டது. மூன்று மண்ணையும் அளந்தேன். அவள் சொன்ன அதே வரிசையில் நம்பர் காட்டியது. எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! "பாத்தீங்களா, மிஷின் பொய் சொல்லாது" என்றேன். மாலதி சொம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பரவாயில்லை தீதி, உங்க மிஷின் நல்லாவே கத்துக்குது."

வாங்கக்கா

அடுத்த தடவை அவள் வீட்டுக்குப் போனபோது வாசலில் லுங்கி கட்டிக்கொண்டு ஓர் ஆள் வலை பின்னிக்கொண்டிருந்தான். என் பெயரை மாலதி சொன்னதும் சடக்கென்று எழுந்தான். "வாங்கக்கா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சதுப்புக் காட்டு ஓரத்தில், படகு ஏறி வரவேண்டிய ஊரில், சுத்தமான கொங்குத் தமிழ்! என் வீட்டில் என் பெண்ணோடு நான் தமிழில் பேசினால் அவள் வங்காளத்தில் பதில் சொல்கிறாள். இங்கே ஒரு வங்காளி என்னை வாங்கக்கா என்கிறான்.

அவன் நிமாய், மாலதியின் புருஷன். வருஷத்தில் பத்து மாசம் திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலை. முந்தைய புயல்களில் உப்பு ஏறத் தொடங்கியதிலிருந்தே அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், தெற்கே போகிற ரயிலில் ஏறிவிடுவார்கள். மாலதிக்கு அதில்தான் ஆத்திரம். "நான் கட்டிக்கிட்டது ஆளையா, போனையான்னே தெரியலை தீதி" என்று பொரிந்தாள். "ரெண்டு பீகா நிலம் இருக்கு. வருஷத்துக்குச் சாப்பிட அரிசி அதுல வந்துட்டா, மேல் செலவுக்குக் காய்கறி வித்துக்கலாம், இவர் எங்கயும் போகவேணாம். அதுக்கு வழி சொல்லுங்க. மத்த சார்ட்டெல்லாம் சுருட்டி வைங்க." இரண்டு பீகா என்றால் முக்கால் ஏக்கர் கூட வராது. நான் என்ன வழியைக் கண்டேன்? பேச்சை மாற்றுவதற்காக நிமாயிடம், திருப்பூர் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான்:

"நல்ல ஊருதானுங்க்கா, ஆனா அங்க நான் பெங்காலி, இங்க வந்தா மெட்ராஸ்காரன், என்னைய நிமாய்ன்னு கூப்புடறது போன்ல இவ ஒருத்திதான்."

இதை அவன் வங்காளத்தில் மாலதிக்குத் திருப்பிச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. கோபத்தில் போனில் கத்தும்போது மட்டும் அவளையறியாமல் வந்துவிடுமாம். முகம் சிவந்துபோய் என்னிடம் கெஞ்சினாள்:

"தீதி, இதை உங்க ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க."

ஒரு வருஷம் பார்க்கலாம்

எங்கள் ஆபீஸ் தலைவர் சுபீர்தா, அதாவது சுபீர் அண்ணன், நல்ல மனுஷன். வழுக்கைத் தலையும் ஜோல்னாப் பையுமாக எந்தப் படகிலும் ஏறிவிடுவார். அவர் ஒரு தீவுக்காரரிடமிருந்து சின்ன மூட்டை ஒன்று கொண்டுவந்தார். நோனா நெல், அதாவது உப்பைத் தாங்குகிற பழைய நெல். மாலதியை அரை நிலத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னோம். மீதி அரைக்கு அவளே கடையில் வாங்கிய குட்டை ரகம். ஐப்பசியில் குட்டை ரகம் கருகி உட்கார்ந்துவிட்டது. நோனா நெல் நெஞ்சளவு வளர்ந்து தலை சாய்த்து நின்றது. மாலதி வரப்பில் நின்று திருப்பூருக்கு வீடியோ கால் போட்டாள். நிமாய் அங்கே சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிஷம் போனைக் கதிருக்குக் கதிர் நகர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தாள். அறுவடைக்கு வந்த நிமாய், ஒரு கதிரைக் கையில் உருவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"அடுத்த வருசம் ரெண்டு பீகாவுலயும் இதையே போடட்டுங்க்கா, அரிசி வருசத்துக்கு நின்னுச்சுன்னா நானும் நின்னுக்கறேன்."

இன்னும் இரண்டு வையுங்கள்

இப்போது நான் சொல்லப்போவதை, தயவுசெய்து, என்னை நேரில் பார்க்கும்போது யாரும் எடுக்காதீர்கள். தை மாசம் டெல்லியிலிருந்து எங்களுக்கு நிதி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். "லோக்கலா ஏதாவது செஞ்சு வை மாலதி" என்று போனில் சொன்னது சாட்சாத் நான்தான். சங்கராந்தி சமயம். வங்காளிகள் வீட்டில் அப்போது பிட்டே செய்வார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தேங்காயும் புது ஈச்ச வெல்லமும். வெண்கலத் தட்டில் ஆவி பறக்க வந்தது. டெல்லிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் ஏழு தின்றேன். அப்புறம் பெருமையாக, "வாங்க, எங்க விதைப் பானையைக் காட்டறேன்" என்று அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பானையைத் திறந்தால் வேப்பிலை இருக்கிறது. அதற்கு அடியில், ஒரு படி இருக்குமா, அவ்வளவுதான் நெல்.

விஷயம் என்னவென்றால், பிட்டேக்குப் பச்சரிசி மாவுதான் ஆகும். அறுத்த நெல் முழுவதையும் அவள் வழக்கப்படி அவித்துப் புழுங்கலாக்கிவிட்டாள். அவிக்காத நெல் வீட்டில் விதைப் பானையில் மட்டுமே இருந்தது. டெல்லி விருந்தாளிக்கும் அவர்களைப் பார்க்கக் கூடிய ஊருக்கும் கடை மாவில் பிட்டே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சரி, விதைக்கு என்ன பண்ணுவாள்? விதைதான் ஆபீஸிலிருந்து வருமே! ஒவ்வொரு திட்டத்திலும் விதைப் பாக்கெட்டை நாங்கள்தானே கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கியிருந்தோம்? "அடிப்பாவி, விதைநெல்லைக் குத்தி மாவாக்கிட்டியே!" என்று நான் கத்த, அவள் அதைவிட ஓங்கிய குரலில் கேட்டாள்:

"நீங்கதானே தீதி, இன்னும் ரெண்டு வை, இன்னும் ரெண்டு வைன்னீங்க?"

விதை வேட்டை

மறுநாளே சுபீர்தா படகு ஏறினார். மூட்டை கொடுத்த தீவுக்காரர் நிலத்தை இறால் குளத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகளோடு போய்விட்டாராம். நான் மாசி முழுக்க போன் செய்தேன், பங்குனி முழுக்க அலைந்தேன். தெரிந்த தொண்டு நிறுவனம், தெரியாத தொண்டு நிறுவனம், ஆராய்ச்சிப் பண்ணை, கேனிங் சந்தை, ஒன்று பாக்கியில்லை. 'நோனா நெல்லா? இருந்துச்சு' என்பார்கள். எல்லாமே இருந்துச்சுதான். வயிற்றில் அந்த ஏழு பிட்டேயும் மூன்று மாசம் கல்லாகக் கிடந்தன. நிமாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொன்றது. திருப்பூர் மேஸ்திரி வாரம் ஒருதரம் அவனைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆபீஸ் படியில் தளர்ந்துபோய் உட்கார்ந்த என் பக்கத்தில் சுபீர்தாவும் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் கேட்டார்:

"ராஜி, உண்மையைச் சொல்லு, ரொம்ப நல்லா இருந்துச்சா அந்தப் பிட்டே?"

ஆட்டுக்குக் கோபம்

அந்தக் கோடையில் அவர்களை ஓரளவு தாங்கியது, யார் சார்ட்டிலும் இல்லாத ஒன்று. லேக் கார்டன்ஸில் எங்கள் குடியிருப்பின் கீழே சனிக்கிழமை காலையில் விவசாயிகள் காய்கறி விற்க ஏற்பாடு செய்திருந்தோம். மாலதியும் நிமாயும் விடியற்காலை லோக்கலில், கூடைக்காரர்கள் பெட்டியில் நசுங்கி வந்து பாலிகஞ்சில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வருவார்கள். ஒருநாள் மூன்றாவது மாடி பாகீரதி மாமி கூடையைக் கிளறிவிட்டு, "முருங்கைப்பூ இருக்கு, காய் இருக்கு, கீரை எங்கேடாப்பா?" என்று தனக்குத்தானே தமிழில் புலம்பினாள். "கீரையா, அடுத்த வாரம் கொண்டாரனுங்க அம்மா" என்றான் நிமாய். மாமி அதிர்ந்துபோய் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை கோயம்புத்தூரா, ஈரோடா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு சாக்கு முருங்கைக்கீரை வந்தது. அரைமணி நேரத்தில் காலி. வங்காளிகள் பூவையும் காயையும்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள், அந்தப் பக்கம் கீரையை ஒருத்தரும் சீண்டுவதில்லை. ஆனால் லேக் கார்டன்ஸ் தமிழ் வீடுகள் அத்தனையும் கீழே இறங்கி வந்துவிட்டன. கீரை வாங்க ஒரு பங்கு, தமிழில் பேரம் பேசுகிற சுகத்துக்கு மூன்று பங்கு. பேரப் பிள்ளைகளிடம் பேச முடியாததையெல்லாம் மாமிகள் நிமாயிடம் கொட்டினார்கள். மூட்டுவலி, மருமகள், ரேஷன், எல்லாவற்றுக்கும் அவன் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினான். மாலதி காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே என் காதில் சொன்னாள்:

"ஊருக்குப் போனதும் முதல்ல ஆட்டைச் சமாதானம் பண்ணணும் தீதி, அதோட சாப்பாட்டை இந்த அம்மாக்கள் வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாங்க."

ஒன்றை ஐந்தாக்குவது

மழை வந்தது. படகு சரியாக ஓடவில்லை, சனிக்கிழமைக் கடையும் படுத்துவிட்டது. கீரை விற்று வீட்டு அரிசி வராது, வயல்தான் தரவேண்டும். கையில் இருந்ததோ அந்த ஒரு படி நெல். இரண்டு பீகாவுக்கு அது எந்த மூலைக்கு? நிமாய் ஆவணிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான், தெற்கே ரயில் கிளம்புகிற சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மாலதி மட்டும் அசரவில்லை. ஒரு படியையும் வீட்டு வாசலிலேயே நாற்றுவிட்டாள். முளைத்ததை ஒரு மூலையில், குழிக்கு ஒரே ஒரு நாற்றாக நட்டாள். ஊர் சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்தேன், ஒளிப்பானேன். ஒரு மாசத்தில் ஒவ்வொரு நாற்றும் தூர் கட்டிப் பெருத்தது. அப்போதுதான் அவள் செய்யப்போவதைச் சொன்னாள். அந்தத் தூர்களைப் பிடுங்கி, ஈர்க்கு ஈர்க்காகப் பிரித்து, மறுபடி நடுவது. ஒன்று ஐந்தாகும், ஆறாகும். வெள்ளத்தில் நாற்று போன வருஷங்களில் அவள் பிறந்த வீட்டில் அப்படிச் செய்வார்களாம். பதினெட்டு வருஷத்தில் என் சார்ட் ஒன்றிலாவது இது இருந்ததா? இல்லை. ஆனால் பிரிக்கிற வேலை லேசுப்பட்டதல்ல. இரண்டு பீகாவுக்கு அவள் ஒருத்தி போதாது, பிடுங்கிய தூர் காத்திருக்கவும் செய்யாது. "இதை ஏன் முதல்லயே எங்கிட்ட சொல்லலை?" என்று கடிந்துகொண்டேன். அவள் சேற்றில் நின்றபடியே சொன்னாள்:

"நீங்க பாடம் நடத்தறதை என்னிக்காவது நிறுத்தினீங்களா தீதி?"

சாந்த்ராகாச்சி

நிமாய் கிளம்புகிற அன்று நான் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது செய்தாகவேண்டுமே, இரண்டு நாள் பயணத்துக்குக் கெடாமல் இருக்கட்டும் என்று புளியோதரை கிளறி, வாழையிலை வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். நடைமேடை முழுக்க அவனைப் போன்ற ஆட்கள். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், காதில் போன், போனில் யாரோ அழுகிறார்கள். ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினேன், இந்த வயசில், இந்த முட்டிவலியை வைத்துக்கொண்டு. நிமாயைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! வேறு ரயிலில் போயிருந்தால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்தப் பயல்?

பத்து நிமிஷம் கழித்து மாலதி போனை எடுத்தாள். பின்னால் தண்ணீர் சளசளக்கிற சத்தம். நிமாய் எங்கே, டிக்கெட் என்ன ஆச்சு, நான் இங்கே புளியோதரையோடு பைத்தியக்காரி மாதிரி நிற்கிறேனே என்று ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தேன். முன்தினம் பிடுங்கிய தூரில் பாதிதான் நட்டு முடிந்ததாம். காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு கை பிடித்துவிட்டுப் போகிறேன் என்று பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கியவன், மதியம் ஆகியும் கரையேறவில்லையாம். பையை அவன் கட்டியபடியே வைத்திருக்கிறாளாம், அவிழ்க்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. நான் அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க அழுதுகொண்டே, அவனுக்குக் கட்டிய புளியோதரையை நானே பிரித்துச் சாப்பிட்டேன். "சரி, அவன்கிட்ட போனைக் குடு" என்றதற்கு மாலதி சொன்னாள்:

"இப்ப முடியாது தீதி, அவர் ரெண்டு கையிலயும் நாத்து இருக்கு."

அந்த மார்கழியில் அவர்கள் வீட்டுக் குதிர் நிறைந்தது. வருஷம் முழுக்க அரிசி நின்றது, சொன்னபடி அவனும் நின்றான், இன்றைக்கு வரைக்கும் நிற்கிறான். ரிடையர்மென்ட் விழாவில் சுபீர்தா என்னைப் பற்றி நிறையச் சொன்னார், எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன், ஆனால் பதினெட்டு வருஷமாக நான் என்னதான் சாதித்தேன் என்று நீங்கள் கேட்டால், ஒரே ஒரு மனுஷன் ஒரே ஒரு ரயிலைத் தவறவிட்டான், அதுவும் நான் சொல்லி இல்லை.